பேராச்சி பூசாத பவுடர்

ஓடிப்போனாள் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். யாரோடு ஓடினாள்? துரையோடு என்கிறீர்கள். அந்தத் துரை கப்பலேறி நாலு மாதம் ஆகிவிட்டது. பேராச்சி ஆண்டாப் ஹில்லில் ஒரு தகரக் கொட்டகையில் இன்னொரு பெண்பிள்ளையோடு சேர்ந்து இருக்கிறாள். காலையில் பஸ் பிடித்து அதே சேம்பூர்ப் பட்டறைக்குப் போகிறாள். நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் தேய்க்கிறாள். சந்தேகம் இருக்கிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போகமாட்டார்கள். பார்த்துவிட்டால் குழாயடியில் பேச ஒன்றும் இருக்காதே.

முகம் வெள்ளையாக வந்தாள், உண்மைதான். கார்த்திகை மாதம் முழுக்க அப்படித்தான் வந்தாள். யார் இல்லையென்றது? ஆனால் பவுடர் போடுகிறவள் முகத்துக்குப் போடுவாள், கழுத்துக்குப் போடுவாள். காதுக் குழிக்குள் போடுவாளா? கண் இமை மயிரில் போடுவாளா? கால் விரல் இடுக்கில் போட்டுக்கொண்டு எந்தப் பெண்பிள்ளை சிங்காரித்துப் போகிறாள்? இதையெல்லாம் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். புருசன் செத்து மூன்று வருசம் முடியாதவள் வெள்ளை முகத்தோடு பஸ் இறங்கி வருகிறாள் என்பது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது.

சரி, கழுவிவிட்டு வருவதற்கென்ன என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பட்டறைக் குழாயில் காலை எட்டு மணியோடு தண்ணீர் நின்றுபோகும் என்று தெரியாது. சாயங்காலம் குடிக்கிற பானையில் அடிமட்டம்தான் இருக்கும். அதை ஐந்து ஆள் குடிக்க வேண்டும். அதோடு இன்னொன்று. பகல் முழுக்கப் பட்டறையில் இழைக்கிற மிஷினைப் பிடித்துவிட்டு வரும்போது கையை முகத்துக்குத் தூக்கவே அவளால் முடியாது. சேலை முந்தியால் உதடை மட்டும் துடைத்துக்கொண்டு வருவாள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்பான்: "க்யா மௌசி, ஆட்டா சக்கி மே காம் கர்தீ ஹை?" மாவு மில்லில் வேலையா என்று கேட்கிறான். அவள் தலையை ஆட்டிவைப்பாள். விளக்கம் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

பேராச்சியின் புருசன் தளவாய் காமாலையில் போனான். பிள்ளை கிடையாது. தளவாயின் அண்ணன் இசக்கிப்பாண்டி தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. அவன் பெண்சாதி சொர்ணம்மாள், இரண்டு பெண், இரண்டு பையன். எல்லாருக்கும் ஒரே அறை. நடுவில் பழைய சேலையைத் திரை கட்டி, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் அகலத்தை பேராச்சிக்கு விட்டிருந்தார்கள். விட்டது பெரிய காரியம்தான். எட்டடி அறையில் ஒரு பாய் அகலம் என்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சும்மா இருந்து சாப்பிட அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆறுமுகநயினார் ஆசாரியின் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தாள். ஆசாரிகள் இழைத்துப் போடுவார்கள். இவள் தேய்ப்பாள். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தாள், கடைசியில் பட்டுத்தாள். தாள் பிடிக்கிறவள் கண்ணை நம்ப மாட்டாள், உள்ளங்கையைத்தான் நம்புவாள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கை சொல்லும். இரண்டு வருசத்தில் அவள் கைரேகை தேய்ந்துபோயிற்று. சம்பளச் சீட்டில் பெருவிரல் உருட்டினால் வெறும் மைத் திட்டுதான் விழும்.

தீபாவளி கழிந்து பத்து நாள் இருக்கும். டக்ளஸ் துரை என்று ஒரு ஆஸ்திரேலியாக்காரர் பட்டறை வாசலில் ஜீப்பில் வந்து இறங்கினார். டிராம்பே பக்கம் ஏதோ ஒரு கம்பெனிக்குக் குழாய் பதிக்க வந்தவர். கூட அனந்தநாராயணன் என்று மாதுங்காக்காரர், துரையின் ஆபீஸில் டைப் அடிக்கிறவர். ஜீப் தலையில் மூன்று நீள உருப்படிகள் கட்டியிருந்தன. இறக்கிவைத்ததும் பட்டறையே கூடிப் பார்த்தது. பால் பொங்கி அப்படியே காய்ந்து இறுகினது மாதிரி வெள்ளை நுரைக் கட்டி. ஒன்பதரை அடி நீளம். நெடுக நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மெல்லிய மரச் சட்டம். இரண்டு முனையும் லேசாக மேலே தூக்கியிருந்தன. ஒரு பெண்பிள்ளை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். கடலில் அலை எழும்பும்போது அதன் முதுகில் இதைப் போட்டு, மேலே ஏறி நின்றுகொண்டு கரைக்கு வருவார்களாம். அப்படி ஒரு விளையாட்டு.

துரைக்குத் தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. அனந்தநாராயணன் சொன்னார்: "ஆசாரியாரே, துரை மூணு பிளாங்க் கொண்டுவந்திருக்கார். அவரால இப்போ மிஷினைப் பிடிக்க முடியாது. மார்கழி பொறந்ததும் கப்பல். வழியிலே கொழும்பிலே இறங்கி அலையிலே விடப்போறாராம். அதுக்குள்ள நன்னா இழைச்சுக் கொடுக்கணும்."

"பிளாங்க்தான? பலகை. நாப்பது வருசமா அதத்தான் இழைக்கேன். வச்சிட்டுப் போங்க."

துரை ஒரு படமும் ஒரு மிஷினும் கொடுத்துவிட்டுப் போனார். மிஷின் என்றால் கரண்டில் ஓடுகிற இழைப்புளி. பம்பாயில் இழைப்புளிக்கு ரந்தா என்று பேர். ஆகவே அது கரண்ட் ரந்தா ஆயிற்று.

வளைந்த பலகையை வளைந்தபடி விட்டால் அவர் ஆசாரியா? ஆறுமுகநயினார் நூல் பிடித்தார், ஒற்றைக் கண்ணால் பார்த்தார், பல்லைக் கடித்தார். முனை இரண்டும் கோணிக் கிடக்கிறதே, எந்தப் பயல் வார்த்தான் என்று திட்டினார். பகல் முழுக்க நின்று அந்தக் கோணலை எடுத்தார். சாயங்காலம் துரை வரும்போது உருப்படி தண்ணீர் விட்டால் ஓடாமல் நிற்கிற மட்டத்துக்கு நேராகக் கிடந்தது. ஆசாரி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார்.

துரை பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அனந்தநாராயணனுக்கு வேர்த்தது. "ஆசாரியாரே, அந்த வளைவுதான் அதோட உசுரே! நுனி தூக்கியிருக்கலைன்னா அலையிலே மூக்கைக் குத்திண்டு ஆளைத் தூக்கி எறிஞ்சுடுமாம். இது அந்த பிளாங்க் இல்லை, வேற பிளாங்க். முதல் எழுத்து வேற. இன்னும் உருக் கொடுக்காத வெத்து உருப்படின்னு அர்த்தம்."

"நீரு ரெண்டையும் ஒண்ணாத்தானவே சொன்னீரு?"

"என் வாயிலே ரெண்டும் ஒண்ணாத்தான் வரது. நான் என்ன பண்ணட்டும்?"

நம் ஆட்கள் எல்லார் வாயிலும் அப்படித்தான் வரும். யாரைக் குற்றம் சொல்ல?

ஆசாரி மறுநாள் அந்த நுரைக் கட்டியைத் தொடமாட்டேன் என்று விட்டார். "எனக்கு நிமித்தத்தான் தெரியும். வளைவப் பாத்தா கை சும்மா இருக்காது" என்றார். அதுவரை பேராச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கெட்டுப்போன உருப்படியின் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் அவள் தாள் போட்டிருந்தாள், சும்மா கிடக்கிறதே என்று. துரை அதன் மேல் கையை ஓட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். திரும்பவும் ஓட்டினார். யார் என்று கேட்டார். எல்லாரும் பேராச்சியைக் காட்டினார்கள். அவள் திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றாள்.

பெண்பிள்ளை ஆசாரியின் ஆயுதத்தைத் தொடலாமா என்று பட்டறையில் சத்தம் கிளம்பியது. ஆறுமுகநயினார்தான் தீர்ப்புச் சொன்னார். "ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சமே, இதுக்கு வச்சமா? இது வந்தது பெறவுல்லா? பொட்டு வைக்காதது ஆயுதம் இல்ல. வெறும் மிஷினு. எடு தாயி." தன் தலையிலிருந்து சுமை இறங்கினால் போதும் என்று அவர் சொன்ன நியாயம் அது. ஆனாலும் நியாயம்தான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த மிஷினின் கனத்தை ஒரு நாள் தூக்கிப் பார்த்தவர்கள்தான் பேச வேண்டும். நாலு படி அரிசியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. அதன் வயரைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தானே தன் வயரை அறுத்துவிடும். நடையை நிறுத்தக் கூடாது. பின் முனையில் தொடங்கினால் முன் முனை வரைக்கும் ஒரே சீராக நடந்து போக வேண்டும். ஒரு மூச்சு நேரம் நின்றால் அந்த இடத்தில் குழி விழும். நடந்துகொண்டே ஆழத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மேல் தோல் கடினம், உள்ளே மெத்து. தோல் போனதும் மிஷின் பசியெடுத்த மாடு மாதிரி உள்ளே பாயும். இழுத்துப் பிடிக்க வேண்டும். சீவின நுரை வெள்ளைத் தூசியாய்ப் பறந்து காதுக் குழி வரைக்கும் ஒட்டும். துரை பக்கத்தில் நின்றுகொண்டு தனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தியைச் சொல்லிக்கொண்டிருப்பார்: "ஆஸ்தே, ஆஸ்தே." மெதுவாக, மெதுவாக. அவளும் அவரும் பேசிய பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். அதைத்தான் இங்கே ராமாயணமாக்கினார்கள்.

இரண்டாவது உருப்படி அவள் கையில் ஒன்பது நாளில் உருவானது. பத்து இடத்தில் தப்பு விட்டு, தாள் போட்டுச் சரிக்கட்டினாள். அதில் அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள். இடப்பக்க விளிம்பை இன்று இழைத்து, வலப்பக்க விளிம்பை நாளைக்கு இழைத்தால் இரண்டும் ஒத்துவரவில்லை. அளவு சரியாக இருந்தது, கைக்குச் சரியாகப் படவில்லை. "இன்னைக்கு உள்ள கை நாளைக்கு இருக்காதுண்ணே" என்று ஆசாரியிடம் சொன்னாள். ஆகவே மூன்றாவதை, துரை தனக்கென்று வைத்திருந்ததை, இரண்டு விளிம்பும் ஒரே நாளில் முடிப்பது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள்.

அப்போதுதான் கொய்னா அணைக்கட்டுப் பக்கம் பூமி குலுங்கியது. விடிகாலையில் தாராவியில் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடிற்று. அதன் பிறகு அணையிலிருந்து பம்பாய்க்குக் கரண்ட் சரியாக வரவில்லை. மறுநாள் பட்டறையில் கரண்ட் வந்தது என்று பேராச்சி மூன்றாவது உருப்படியில் கை வைத்தாள். இடப்பக்கம் முடிந்தது. தாள் போட வேண்டிய அவசியமே இல்லாதபடி அப்படி ஒரு விளிம்பு விழுந்தது. மிஷினைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றாள். கரண்ட் போயிற்று. பிறகு ஆறு நாள் பட்டறை மூடிக்கிடந்தது.

ஆறு நாளும் அவள் வீட்டில் இருந்தாள். தூங்கினாள் என்று சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் அந்தப் பாயில், பகலில், வாயைத் திறந்துகொண்டு. விழித்திருந்த நேரத்தில் வலது உள்ளங்கையை இடது முழங்கையில் வைத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பாள், அந்த விளிம்பு மறந்துவிடாமல். தோளும் இடுப்பும் ஓய்வுக்கு ஏங்கிக் கிடந்தன. ஆனால் இந்த ஓய்வுதான் அவளுக்கு வினையாயிற்று. முகத்தில் வெள்ளை இல்லாமல் போயிற்றல்லவா?

குழாயடியில் அடுத்த வீட்டு மீனாட்சியம்மாள் குடத்தை வைத்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். "ஏட்டி பேராச்சி, இன்னைக்குத்தான் உன் மொகம் நம்ம மொகம் மாதிரி இருக்கு. பவுடர் டப்பா தீந்துபோச்சோ?"

"கரண்டு இல்லக்கா. பட்டறை மூடிக் கெடக்கு."

"பவுடர் போடுததுக்குக் கரண்டு எதுக்குட்டி?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பேராச்சியும் கொஞ்சம் சிரித்துவிட்டாள், அதுதான் தப்பு. சிரித்தாள் பாரு என்றார்கள். சேம்பூருக்குப் போகாவிட்டால் பவுடர் இல்லை, அப்படியானால் டப்பா துரை வீட்டில் இருக்கிறது. இப்படிக் கணக்குப் போட எத்தனை பேர் வேண்டும்? ஒருத்தி போதும். அவள் சொர்ணம்மாளிடம் சொன்னாள். சொர்ணம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் கேட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ள அவளால் முடியாது. புருசன் காதில் போட்டுவிட்டாள்.

ஏழாம் நாள் காலையில் சந்து முனை மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆறு நாளாகக் கேட்காத சத்தம். பேராச்சி எழுந்து தலையை வாரி முடிந்தாள். கப்பலுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

இசக்கிப்பாண்டி வாசலை ஒட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "எங்க கெளம்புத?"

"பட்டறைக்குத்தான் அத்தான். கரண்டு வந்துட்டு."

"வேண்டாம். இனிமே போவேண்டாம்."

அவள் நின்றாள். சொர்ணம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு பக்கம் இழைச்சது இழைச்சபடி நிக்கி அத்தான். மறுபக்கம் பாக்கி."

"அந்த ஆசாரி பாத்துக்கிடட்டும்."

"அவரு பாத்தா நிமித்திப்புடுவாரு."

"நிமித்தட்டும்! நமக்கென்ன? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்தா முதல்ல உன்னையப் பத்தித்தான் கேப்பான். நான் என்ன சொல்ல? ஒன்னிய நான் பட்டினி போட்டனா? இரு. இருக்கதத் தின்னுட்டு இரு."

அவன் சொன்னதில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். அவனும் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அது பேராச்சிக்குத் தெரிந்தது. பெண்பிள்ளைகள் இரண்டுக்கும் பேன் பார்த்து, சடை போட்டு விடுகிறவள் அவள். அவர்களுக்கு ஒன்று என்றால் அவளுக்கும் வலிக்கும். இருந்துவிடலாம் என்று ஒரு நிமிசம் நினைத்தாள். உட்காரச் சொல்கிறார், உட்கார்ந்துவிடலாம். உடம்பும் அதைத்தான் கேட்டது. ஆனால் உட்கார்ந்துவிட்டால், சொன்னதெல்லாம் உண்மை என்று தானே கைநாட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் அந்தப் பாய் அகலத்தில் கிடப்பதற்கும் கிடக்காமல் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?

"ஒரு தடவ வந்து பாருங்க அத்தான். இந்தா இருக்க சேம்பூரு. பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன். அது தூசிதான்னு உங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் பாத்து என்ன செய்ய? ஊரு முழுக்கக் கூட்டிட்டுப் போவியா?"

அது நியாயமான கேள்வி. தலையைக் குனிந்தவள் அவன் காலைப் பார்த்தாள். தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதிக்கிற கால். முழங்கால் வரைக்கும் வெளுத்து, வெடிப்பு வெடிப்பாக, எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளை. பதினைந்து வருசமாக அந்தக் காலோடுதான் அவன் அந்தச் சந்தில் நடந்து வருகிறான்.

"உங்க காலும் வெள்ளையாத்தான் வருது அத்தான்" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். "அத யாரும் பவுடர்னு சொல்லலியே."

இசக்கிப்பாண்டி தன் காலைப் பார்த்தான். டம்ளரைத் தரையில் வைத்தான். சொர்ணம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். அவன் சரி, போ என்று சொல்லிவிடுவான் என்றுதான் அந்த அறையில் இருந்த மூன்று பேரும் நினைத்திருப்பார்கள், அவனையும் சேர்த்து. வாய்வரைக்கும் வந்ததோ என்னவோ. வெளியே மீனாட்சியம்மாள் குடத்தோடு மெதுவாக நடந்து போனாள். தேவைக்கு மேலே மெதுவாக.

"நான் ஆம்பள" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "இப்ப போனா, சாயங்காலம் இங்க வராத" என்றான்.

பேராச்சி அழவில்லை. அவளுக்கு வலப்பக்கம் பாக்கி இருந்தது. வலப்பக்கம் மட்டும் இழைத்தால் ஆகாது, இத்தனை நாளில் கை மாறியிருக்கும். இடப்பக்கத்தையும் மறுபடி தொட்டு, இரண்டையும் ஒரே கைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பகல் முழுக்க வேண்டும். மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

கொடியில் அவளுடைய இன்னொரு சேலை கிடந்தது. காலையில் அலசிப் போட்டது, சொட்டச் சொட்ட ஈரம். அதை எடுத்து இரண்டு முறை முறுக்கிப் பிழிந்தாள். கையில் இருந்த வலியில் சரியாகப் பிழியவில்லை. அப்படியே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகில் தண்ணீர் இறங்கியது.

இசக்கிப்பாண்டி காலை மடக்கி வழி விட்டான்.

"போறேங்க்கா" என்றாள் வாசலில் நின்று.

"போயிட்டு வாரேன்னு சொல்லுட்டி" என்றாள் சொர்ணம்மாள், கையில் கரண்டியோடு, வாய் பழக்கத்தில்.

பேராச்சி அதற்குள் படி இறங்கிவிட்டாள்.